வீடு தேடிச் செல்லும் செவிலியம்: நெடுங்காலப் பணிக்கும் தன்னார்வத் தலைமைக்கும் ஒரு வழிகாட்டி

இல்லச் செவிலியர் ஒருவர் ஒரு நோயாளியின் வீட்டில் இருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு மணிக்கும் குறைவுதான். மீதி நேரம் முழுவதும் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும், வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், நள்ளிரவில் மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்று முடிவெடுப்பதும் வீட்டாரின் பொறுப்பு. எனவே இத்தொழிலில் ஒருவருடைய திறமையை அளப்பதற்கு, அவர் அங்கே இருந்தபோது என்ன செய்தார் என்று பார்ப்பதைவிட, அவர் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே சரியான வழி. தன்னார்வலர் குழுவை நடத்துகிறவருக்கும் இதே அளவுகோல்தான் பொருந்தும். இவ்விரு பணிகளிலும் பல பத்தாண்டுகள் நிலைத்து நிற்க விரும்புகிறவர் கற்க வேண்டிய முதன்மையான வித்தை, தனக்குத் தெரிந்ததை அடுத்தவர் கைக்கு மாற்றிக் கொடுப்பது.

இத்தொழிலும் தன்னார்வப் பணியும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்னும் வணிகர், இறுதி நோயில் கிடந்த தம் மனைவியை வீட்டில் வைத்துக் கவனித்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற செவிலியரை, 1859இல் நகரின் ஏழை வீடுகளுக்குச் சென்று பணியாற்றும்படி மூன்று மாதங்களுக்கு அமர்த்தினார். அந்த வீடுகளின் வறுமையைக் கண்டு மனம் ஒடிந்த ராபின்சன், ஒரு மாதம் முடிவதற்குள்ளாகவே தம்மை விடுவிக்கும்படி கேட்டார்; இன்னும் சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கும்படி ராத்போன் வேண்டிக்கொள்ள, மூன்று மாத முடிவில் தம் உழைப்பின் பயனைக் கண்ட அவர் இப்பணியிலேயே தொடர விரும்பினார். பின்னர் அந்நகரம் 18 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு செவிலியரும், அவருக்கு வேண்டிய பொருளையும் பணத்தையும் திரட்டித் தந்து பணியை மேற்பார்வையிடும் தன்னார்வப் பெண்களும் இருந்தனர். இதிலிருந்து புதியவர் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு: முதல் மாதத்தில் இந்த வேலை நமக்கு ஒத்துவராது என்று தோன்றினால், அந்த மாதத்திலேயே முடிவெடுக்க வேண்டாம்.

தொழிலுக்குள் நுழையுமுன்

படிப்பு முடிந்த கையோடு நேராக இல்லச் செவிலியத்துக்கு வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மருத்துவமனையில் ஐயம் வந்தால் பக்கத்துக் கட்டிலருகே நிற்கும் மூத்த செவிலியரைக் கூப்பிடலாம். வீட்டிலோ நாம் ஒருவர்தான், உடன் இருப்பது ஒரு பையும் ஒரு கைப்பேசியும் மட்டுமே. பொது மருத்துவப் பிரிவிலோ அறுவைப் பிரிவிலோ ஓரிரு ஆண்டுகளாவது பணியாற்றி, மோசமாகிக்கொண்டிருக்கும் நோயாளியின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணும் கண்ணைப் பெற்றுக்கொண்ட பிறகு வருவது நல்லது. வந்த பிறகும் முதல் சில வாரங்கள் அனுபவமுள்ள ஒருவருடன் சேர்ந்தே வீடுகளுக்குச் செல்ல வேண்டும். அவர் எப்படிக் கட்டுப் போடுகிறார் என்பதை எங்கும் கற்றுக்கொள்ளலாம். கோபமாக இருக்கும் மகனிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதை அவருக்குப் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும்.

ஒரு வருகையை அமைத்துக்கொள்ளும் விதம்

அன்றைய வீடுகளின் வரிசையை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். சாப்பாட்டு நேரத்தை ஒட்டி இன்சுலின் போட வேண்டியவர்கள் காத்திருக்க முடியாது. பச்சிளங்குழந்தைகளையும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களையும் முதலில் பார்த்துவிட்டு, சீழ் வடியும் புண், தொற்றும் வயிற்றுப்போக்கு போன்றவை உள்ள வீடுகளைக் கடைசியில் வைத்துக்கொள்வது, தொற்றை நாமே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சுமந்து செல்லாமல் இருப்பதற்கான எளிய வழி. வருவதாகச் சொன்ன நேரத்துக்குப் போக முடியாவிட்டால், அரை மணி நேரத் தாமதமானாலும் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். படுக்கையில் இருப்பவர் நாம் வரும் நேரத்தை எண்ணிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போவதைக்கூடத் தள்ளி வைத்திருப்பார்.

பையைத் தரையிலோ நோயாளியின் படுக்கையிலோ வைக்கக் கூடாது. சுத்தமான மேசையில் ஒரு தாளையோ பிளாஸ்டிக் விரிப்பையோ விரித்து அதன்மேல் வைத்து, கையைச் சுத்தம் செய்த பிறகே பைக்குள் விட வேண்டும். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் 40 முதல் 60 வினாடிகள், சானிடைசர் என்றால் கை உலரும்வரை 20 முதல் 30 வினாடிகள் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவு. பயன்படுத்திய பொருள்கள் பையின் சுத்தமான பகுதிக்குத் திரும்பக் கூடாது. ஊசி முனைக்கு மீண்டும் மூடி போடாமல், துளைக்க முடியாத கெட்டியான டப்பாவில் நேராகப் போட்டு, டப்பா முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி அப்புறப்படுத்த வேண்டும். இவை எல்லாம் பள்ளிப்பாடம் போலத் தோன்றலாம். ஆனால் பத்தாண்டு கடந்த செவிலியர்களிடம்தான், கை பழகிவிட்ட காரணத்தால், இவை முதலில் தளர்ந்துபோகின்றன.

நோயாளியின் அருகே செல்வதற்குள்ளேயே பாதிச் செய்தி கிடைத்துவிடும். கதவைத் திறந்தவர் இரவு தூங்கினாரா, படுக்கையிலிருந்து கழிப்பறைவரை உள்ள வழியில் வழுக்கும் விரிப்போ மின்கம்பியோ குறுக்கே கிடக்கிறதா, இரவில் எழுந்தால் விளக்குப் போடக் கை எட்டுமா, நேற்று வைத்த சாப்பாடு தொடப்படாமலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டில் இவற்றில் ஒன்றுகூட எழுதியிருக்காது.

அடுத்து மாத்திரைகள். "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் சீட்டில் உள்ளதை ஒப்பிப்பார்கள். "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் கொண்டுவந்து இந்த மேசையில் கொட்டுங்கள், அம்மா" என்று சொல்லுங்கள். அலமாரி, தலையணையடி, குளிர்பதனப் பெட்டி என்று எங்கெங்கிருந்தோ வந்து சேரும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரைப் பார்க்காமல், அதன் கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் படித்துப் பார்த்தால், மருத்துவமனையில் கொடுத்த இரத்த அழுத்த மாத்திரையும் பழைய டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் ஒன்றே என்பதும், நோயாளி இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருக்கிறார் என்பதும் சில வீடுகளில் தெரியவரும். எழுந்து நின்றாலே தலை சுற்றுகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். பாராசிட்டமால் இன்னும் மோசம். வலி மாத்திரையிலும் இருக்கும், சளிக்கு வாங்கிய மாத்திரையிலும் இருக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்ற எல்லையை, தெரியாமலேயே தாண்டிவிட முடியும். இரட்டிப்பு என்று தெரிந்ததும் நாமாக ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடாமல், டாக்டரைக் கூப்பிட்டு எது நிற்க வேண்டும் என்று கேட்டு, அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கும்போது போர்வையை விலக்கி, குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் இடுப்பெலும்பின் பக்கங்களையும் ஒவ்வொரு வருகையிலும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் சில வினாடிகள் அழுத்தி எடுக்கும்போது, அந்த இடம் ஒரு கணம் வெளிறிப் பிறகு சிவந்தால் இரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது என்று பொருள். அழுத்தியும் வெளிறாமல் சிவப்பாகவே நின்றால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. கறுத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது என்பதால், சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடுவது நல்லது என்ற எண்ணம் பல வீடுகளில் இருக்கிறது. தேய்த்தால் அடியிலுள்ள திசு மேலும் சிதையும். வளையம் போன்ற ரப்பர் இருக்கைகளும் அப்படித்தான், விளிம்பில் அழுத்தம் கூடி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். சாதாரண மெத்தையில் படுத்திருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, 30 பாகை அளவுக்குச் சாய்த்துப் படுக்க வைத்து, கெண்டைக்காலின் அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் மெத்தையில் படாமல் மிதக்கும்படி செய்தால் பெரும்பாலான புண்களைத் தடுக்கலாம்.

வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்தல்

"புரிந்ததா?" என்று கேட்டால் யாரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேள்வியால் பயன் இல்லை. "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். சோதனை நம்முடைய விளக்கத்துக்குத்தான், அவர்களுக்கு அல்ல என்று தோன்றும்படி கேட்பதில் இருக்கிறது நயம். இன்சுலின் போடக் கற்றுக்கொள்கிற கணவர், முதல் முறை நாம் செய்வதைப் பார்ப்பார். இரண்டாம் முறை நாம் சொல்லச் சொல்ல அவர் செய்வார். மூன்றாம் முறை நாம் வாய் திறக்காமல் நிற்க அவர் செய்வார். அந்த மூன்றாம் முறையில் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் செவிலியருக்கு மிகக் கடினமான வேலை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லிக் குவிக்க வேண்டாம். இன்று இரவு உயிருக்கு ஆபத்தாகக் கூடியது எதுவோ அதை இன்று சொல்லுங்கள். மற்றது அடுத்த வருகைக்கு. மூக்குக் குழாய் வழியே உணவு கொடுக்கும் வீட்டில், தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகைவரை உயர்த்திக் கொடுக்க வேண்டும், கொடுத்து முடித்த பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். சிறுநீர்க் குழாய் உள்ளவருக்கு, பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது, மூன்றில் இரண்டு பங்கு நிரம்புவதற்குள் காலி செய்துவிட வேண்டும். ஆக்சிஜன் பயன்படுத்தும் வீட்டில் அடுப்பும் விளக்குத் திரியும் சிகரெட்டும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதோடு, உதடு வெடித்தால் பெட்ரோலியம் ஜெல்லி தடவக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

எச்சரிக்கை அறிகுறிகளைப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதி, கதவின் பின்புறத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். எண்களோடு எழுதினால்தான் அது பயன்படும். இதயச் செயலிழப்பு உள்ளவர் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ கூடினால் உடலில் நீர் சேர்கிறது என்று பொருள், அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். இரத்தச் சர்க்கரை 70க்குக் (மி.கி./டெ.லி.) கீழே இறங்கி, நோயாளி விழுங்கக் கூடிய நினைவோடு இருந்தால், 15 கிராம் சர்க்கரை கொடுத்து 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். "உடம்பு சரியில்லாமல் போனால் கூப்பிடுங்கள்" என்று மட்டும் எழுதி வைத்தால், கூப்பிட வேண்டியவர் விடியட்டும் என்று காத்திருப்பார்.

நெடுங்காலம் தாங்குவதற்கு

இத்தொழிலைப் பாதியில் விடுகிறவர்களில் பலர் முதுகுவலியால் விடுகிறார்கள். வீடுகளில் உயரம் மாற்றக்கூடிய கட்டில் இருப்பதில்லை, தூக்கும் கருவியும் இருப்பதில்லை. ஒரு நோயாளியைக் கையால் தூக்கும்போது 16 கிலோவுக்கு மேல் பாரம் ஒருவர்மேல் விழக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வகுத்த வரம்பு. வயதுவந்த ஒருவரின் உடலை நாம் தனியாகத் தூக்கவே கூடாது என்றுதான் அதற்குப் பொருள். தூக்காமல் நகர்த்தக் கற்க வேண்டும். வழுக்கும் துணியை அடியில் விரித்து இழுப்பது, கட்டில் தாழ்வாக இருந்தால் ஒரு முழங்காலைக் கட்டில்மேல் ஊன்றிக்கொள்வது, நோயாளியையே கைப்பிடியைப் பற்றிப் புரளச் சொல்வது, வீட்டாரில் ஒருவர் வரும்வரை காத்திருப்பது ஆகியவற்றை முப்பது வயதிலேயே பழகிக்கொண்டவர்தான் ஐம்பத்தைந்து வயதில் நிமிர்ந்து நடப்பார்.

மனத்துக்கும் இதே போல வரம்பு வேண்டும். ஒரே வீட்டுக்கு மாதக்கணக்கில் போகும்போது அவர்கள் நம்மை அக்கா என்றும் மகளே என்றும் அழைக்கத் தொடங்குவார்கள், அது நல்லதுதான். ஆனால் சொத்துச் சண்டையில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், வங்கிக்குப் போய்ப் பணம் எடுத்துவரச் சொல்வார்கள், நள்ளிரவில் சொந்த எண்ணுக்கு அழைப்பார்கள். பணத்தைத் தொடுவதில்லை, விலை மதிப்புள்ள பரிசு வாங்குவதில்லை, பணி நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பு பொது எண்ணுக்குத்தான் என்பவற்றை முதல் வருகையிலேயே இன்முகத்தோடு சொல்லிவிட்டால் பிற்பாடு முகத்தைச் சுளிக்க வேண்டி வராது. அன்பாகப் பழகுவதற்கும் இந்த வரம்புகளுக்கும் முரண்பாடு இல்லை. வரம்பு இல்லாதவர்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் சோர்ந்து, எந்த வீட்டுக்கும் போகப் பிடிக்காமல் ஆகிவிடுவதை இத்தொழிலில் இருக்கும் யாரும் பார்த்திருப்பார்கள்.

இறப்புகளும் வரும். நெடுநாள் பார்த்த ஒருவர் இறந்த பிறகு அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வருவது, குடும்பத்துக்கு மட்டுமல்ல, செவிலியருக்கும் தேவை. கடைசி வாரத்தில் தாங்கள் செய்தது சரியா என்ற கேள்வி வீட்டாரின் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் சொல்லத் தகுதியுள்ளவர் பெரும்பாலும் நாம் ஒருவர்தான்.

பதிவேட்டை அன்றன்றே, முடிந்தால் அந்த வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே எழுதிவிட வேண்டும். "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்பது கருத்து. "காலை மாத்திரையை இருமுறை கொடுத்தும் வாங்க மறுத்தார், குமட்டுகிறது என்றார்" என்பது செய்தி. நாளை நமக்குக் காய்ச்சல் வந்து வேறொருவர் அந்த வீட்டுக்குப் போனால், அவர் கையில் இருக்கப்போவது அந்தச் சில வரிகள் மட்டுமே.

தன்னார்வலர்களைச் சேர்ப்பதும் பயிற்றுவிப்பதும்

சில ஆண்டுகள் வீடு வீடாகச் சென்ற பிறகு, செவிலியரால் தீர்க்க முடியாத தேவைகளே அதிகம் என்பது தெரியவரும். இங்கிலாந்தில் செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் பிறகு மருத்துவராகவும் பணியாற்றி, 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் நோய்தணிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், இறுதி நோயில் இருப்பவரின் வலியை உடல், மனம், உறவு, ஆன்மா ஆகிய நான்கும் சேர்ந்த முழு வலியாகப் பார்த்தார். உடல் வலிக்கு மருந்தும் செவிலியரும் உண்டு. பேச்சுத் துணைக்கும், மூன்று நாளாகத் தூங்காத மனைவி இரண்டு மணி நேரம் கண்ணயர்வதற்கும், மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வருவதற்கும் வேண்டியவர்கள் தன்னார்வலர்கள்தான்.

இதை ஊரளவில் செய்து காட்டிய முயற்சிகளில் ஒன்று, 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சங்கத்திலிருந்து வளர்ந்து, பின்னர் கேரளம் முழுவதும் பரவிய அக்கம்பக்கத்தார் வலையமைப்பு. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக் கூடியவர்களைச் சேர்த்து, 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் நேரடிப் பயிற்சியும் கொடுத்து, அவர்களையே குழுவாக அமைத்தார்கள். இரண்டு மணி நேரம் என்ற அந்த அளவு கவனிக்கத்தக்கது. "முடிந்தபோதெல்லாம் வாருங்கள்" என்று அழைத்தால் முதல் மாதம் கூட்டம் நெரியும், மூன்றாம் மாதம் யாரும் வர மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாலை நான்கிலிருந்து ஆறுவரை என்று கேட்டால், முடியாதவர் முதலிலேயே முடியாது என்று சொல்லிவிடுவார், முடியும் என்றவர் நிலைத்து வருவார்.

சேர வருகிறவர்களிடம் தனித்தனியே உட்கார்ந்து பேச வேண்டும். ஏன் வருகிறார் என்பதைக் கேளுங்கள். அண்மையில் நெருங்கிய உறவை இழந்தவர்கள் மிகுந்த ஆர்வத்தோடு வருவார்கள். அவர்களை மறுக்க வேண்டியதில்லை, ஆனால் உடனே இறுதி நோயாளியின் வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். பல மாதங்கள் அலுவல் வேலையோ பொருள் சேகரிப்போ கொடுத்துப் பார்க்கலாம். தம் மதத்தையோ தாம் நம்பும் சிகிச்சையையோ தம் வணிகத்தையோ பரப்புவதற்கு வருகிறவரை முதல் பேச்சிலேயே இனங்கண்டு நன்றி சொல்லி அனுப்பிவிடுவது நல்லது. நோயாளி ஓடிப்போக முடியாத நிலையில் படுத்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

தன்னார்வலர் என்ன செய்யலாம் என்பதைவிட எதைச் செய்யக் கூடாது என்பதை எழுத்தில் கொடுப்பது முக்கியம். மாத்திரையின் அளவை மாற்றச் சொல்லக் கூடாது, புண்ணைப் பிரித்துக் கட்டக் கூடாது, வாக்குறுதி கொடுக்கக் கூடாது, அந்த வீட்டில் பார்த்ததையும் கேட்டதையும் வெளியே பேசக் கூடாது, படம் எடுத்துக் கைப்பேசிக் குழுவில் போடக் கூடாது. இந்தக் கடைசி விதியை மீறுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடு, உதவி திரட்டலாம் என்று எண்ணியே செய்கிறார்கள். அதனாலேயே அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதியவர்கள் முதல் சில வருகைகளுக்கு இரண்டு பேராகவே செல்ல வேண்டும், போன நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் ஒருவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பயிற்சியில் பேசுவதைவிடக் கேட்பதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். "எனக்கு எப்போது சாவு வரும்?" என்று நோயாளி கேட்டால், "அப்படியெல்லாம் பேசக் கூடாது, நீங்கள் நன்றாகிவிடுவீர்கள்" என்று சொல்வதுதான் பழகாத எவருக்கும் வாயில் வரும். அந்த ஒரு வாக்கியத்தோடு நோயாளி அந்தப் பேச்சை முடித்துக்கொண்டுவிடுவார். "அதைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா, ஐயா?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருக்கச் சொல்லிக் கொடுங்கள். இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் தன்னார்வலராகவும் நடித்துப் பார்க்கச் செய்தால், அந்த அமைதியில் பத்து வினாடிகூட எவ்வளவு நீளமானது என்பது அவர்களுக்கே தெரியும்.

குழுவை நடத்துதல்

குழு பெரிதாகிவிட்டால் பிரித்துவிட வேண்டும். நெதர்லாந்தில் 2006இல் யோஸ் தெ பிளோக் என்ற செவிலியர் தொடங்கிய பியூர்ட்சோர்க் என்னும் இல்லச் செவிலிய அமைப்பில், அதிகபட்சம் 12 பேர் கொண்ட சிறு குழுக்கள், மேலாளர் இல்லாமல், தங்கள் பகுதி நோயாளிகளையும் தங்கள் கால அட்டவணையையும் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. சம்பளம் வாங்கும் செவிலியர்களுக்குப் பொருந்திய இந்த அளவு, தன்னார்வலர்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர்களுக்கு உடனே தெரிய வேண்டும். நாற்பது பேர் கொண்ட குழுவில் அது தெரியாது.

மாதம் ஒருமுறை கூட்டம், குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிய வேண்டும். அதில் முதல் பாதி, கடினமான வருகைகளைப் பற்றி, நோயாளியின் பெயரைச் சொல்லாமல், மனம் விட்டுப் பேசுவதற்கு. தலைவர் பேசும் நேரம் குறைவாக இருக்கட்டும். ஒருவர் நன்றாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்வது, ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துவதைவிட மதிப்புள்ளது. "நீங்கள் போய் உட்கார்ந்திருந்த அந்த மதிய வேளையில் அந்த மகள் போன மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக வெளியே போய்வந்தாள்" என்று சொன்னால், அவர் அடுத்த வாரமும் வருவார்.

பணத்தில் எந்த நெகிழ்வும் கூடாது. குழுவுக்கு வரும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது, வங்கிக் கணக்குக்கு இரண்டு கையொப்பம், மாதக் கணக்கைக் கூட்டத்தில் படித்தல், ஆண்டுக்கு ஒருமுறை வெளியாள் தணிக்கை ஆகியவை வேண்டும். தலைவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இவை வேண்டும். நேர்மையானவரை வீண்பழியிலிருந்து காப்பவையும் இவையே. நோயாளியின் வீட்டார் நன்றியோடு கையில் திணிக்கும் பணத்தையும் தன்னார்வலர் தனியே வாங்காமல், விருப்பமானால் குழுவின் கணக்கில் செலுத்தும்படி சொல்ல வேண்டும்.

விலக்க வேண்டியவரை விலக்குவது தலைமையில் யாரும் விரும்பாத பகுதி. சம்பளம் வாங்காதவரை எப்படி அனுப்புவது என்று தயங்கித் தயங்கிக் காலம் தாழ்த்தினால், நல்ல தன்னார்வலர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமலேயே நின்றுவிடுவார்கள். விதி மீறல் சிறியதென்றால் தனியே அழைத்து, என்ன நடந்தது என்று அவர் தரப்பைக் கேட்டு, வேறு பணி கொடுக்கலாம். நோயாளியின் பாதுகாப்போ பணமோ சம்பந்தப்பட்டது என்றால் அன்றே நிறுத்த வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும்.

பொறுப்பை ஒப்படைத்தல்

இருபது ஆண்டுகள் ஒருவரே தலைவராக இருக்கும் குழு, அவரோடு சேர்ந்து முதுமை அடைகிறது. தலைமைக்கு மூன்று ஆண்டுகள், தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இல்லை என்று குழுவின் விதியிலேயே எழுதிவிடுவது நல்லது. பிற்பாடு அதைக் கொண்டுவர முயன்றால் அது யாரோ ஒருவரை இறக்குவதற்கான விதியாகத் தோன்றும். துணைத் தலைவர் என்ற பதவியைப் பெயரளவுக்கு வைக்காமல், ஆண்டுக்கு இரண்டு மாதங்கள் முழுப் பொறுப்பையும் அவரிடம் கொடுத்துவிட்டு நாம் வெளியே நின்று பார்க்க வேண்டும். அவர் நம்மைப் போலச் செய்ய மாட்டார். நோயாளிக்குக் கேடு வராதவரை, அப்படிச் செய்யாமல் இருப்பதற்கு அவருக்கு உரிமை உண்டு.

செவிலியராக ஓய்வு பெறும்போதும் இதே முறைதான். நெடுநாள் பார்த்துவரும் வீடுகளுக்குப் புதிய செவிலியரை உடன் அழைத்துச் சென்று அறிமுகம் செய்யுங்கள். முதல் வருகையில் நாம் கட்டுப் போட அவர் பார்க்கட்டும், இரண்டாம் வருகையில் அவர் போட நாம் ஓரமாக உட்கார்ந்திருப்போம், மூன்றாவதில் நாம் வாசலோடு நின்றுவிடுவோம். நோயாளி நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்டாலும், பதிலைப் புதியவரிடம் விட்டுவிட வேண்டும். பதிவேட்டில் எழுதாத சிறு செய்திகளை, எந்தக் கையில் ஊசி போட்டால் பயப்படுகிறார், எந்த மகனிடம் சொன்னால் வேலை நடக்கும் என்பனவற்றை, ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பொது எண்ணையும் சாவிகளையும் வங்கிக் கையொப்பத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, அவர்களாக அழைத்துக் கேட்டாலொழிய, ஆறு மாதங்களுக்கு எந்தக் கூட்டத்துக்கும் போகாதீர்கள்.